மருத்துவராக இருந்து அரசியலுக்கு வந்தவரின் வரலாற்றை எழுதும் முறை

19-ஆம் நூற்றாண்டில் சிற்றூர் மருத்துவராக இருந்து அரசியலில் இறங்கிய ஒருவரின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் அவருடைய முதல் தேர்தலில்தான் தொடங்குகிறார்கள். நோயாளிகளிடையே கழிந்த ஆண்டுகளுக்கு இரண்டு பத்திகள் கிடைத்தாலே பெரிது. இந்த விகிதத்தை மாற்றுவதே முதல் வேலை. கனடாவின் சார்லஸ் டப்பரை எடுத்துக்கொள்வோம். 1821-இல் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஆம்ஹெர்ஸ்டில் பிறந்த அவர், 1843-இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்று ஊர் திரும்பி, 1855-இல் கம்பர்லாந்து தொகுதியில் ஜோசப் ஹோ என்ற பெருந்தலைவரைத் தோற்கடிக்கும் வரை முதன்மையாக மருத்துவராகவே வாழ்ந்தார்.

அவர் படித்த மருத்துவம் எத்தகையது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஈதர் மயக்கத்தில் அறுவை செய்ய முடியும் என்பது பாஸ்டனில் வெளிப்படையாகக் காட்டப்பட்டது 1846-இல். எடின்பரோவில் மருத்துவர் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்ம் என்ற மற்றொரு மயக்க மருந்தைப் பயன்படுத்தியது 1847-இல். ஆகவே டப்பர் கற்ற அறுவை, விழித்திருக்கும் நோயாளியைப் பிறர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் விரைந்து முடிக்க வேண்டிய அறுவை. எதிர்ப்புக்கு அஞ்சாமல் முடிவெடுக்கும் அவருடைய அரசியல் பாணியை இதனோடு முடிச்சுப் போடும் ஆசை எழத்தான் செய்யும். சான்று கிடைக்காத வரை அதை ஊகம் என்றே குறிப்பிடுங்கள்.

அடுத்து, அந்த மருத்துவரின் கணக்குப் பேரேடு எஞ்சியிருந்தால் அதில் வரும் ஊர்களை ஒரு வரைபடத்தில் குறித்து, அதன்மேல் தொகுதியின் எல்லையைப் போட்டுப் பாருங்கள். பிரசவம் பார்த்த வீடுகள், வசூலாகாத கட்டணம், பணத்துக்குப் பதிலாகப் பெற்ற தானியம் ஆகியவை எந்த மேடைப் பேச்சையும்விட அவருடைய செல்வாக்கைத் தெளிவாகக் காட்டும்.

ஆயினும் நன்றியே வாக்காயிற்று என்று எழுதிவிட வேண்டாம். 1864-இல் நோவா ஸ்கோஷியாவின் முதலமைச்சரான டப்பர் கொண்டுவந்த இலவசப் பள்ளிச் சட்டமும் அதைத் தொடர்ந்த கட்டாயப் பள்ளி வரியும் பலரைப் பகைத்தன. மக்களிடம் கேளாமலே மாகாணத்தைக் கனடியக் கூட்டாட்சியில் சேர்த்தது பகையை மேலும் வளர்த்தது. 1867-இன் கூட்டாட்சித் தேர்தலில் நோவா ஸ்கோஷியாவின் 19 இடங்களில் 18 எதிரணிக்குப் போக, அவர் ஒருவரே வென்றார். அதற்கு அவருடைய மருத்துவப் பழக்கம் எவ்வளவு, அண்டை மாகாணத்தை ஒட்டிய அந்தப் பகுதியின் வணிக நலன் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே வரலாற்றாசிரியரின் கடமை. அதே ஆண்டில் கனடிய மருத்துவச் சங்கத்தின் முதல் தலைவராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பழைய தொழிலை அவர் கைவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

அமைச்சர் பதவிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1896-இல் அவர் பிரதமராக இருந்தது 69 நாட்கள்தான். அதற்குத் தனி அத்தியாயம் தேவையில்லை. அவருடைய நினைவுக்குறிப்புகள் 1914-இல், அதாவது அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டில் வெளியானவை. எனவே அவற்றிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அந்தக் காலத்துச் செய்தித்தாளோடும் சட்டமன்றப் பதிவோடும் ஒப்பிட்ட பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.