பலெர்மோவில் முதல் நாள்: தனியாக, சிக்கனமாக, நடந்தே

தனியாக முதன்முதலில் ஐரோப்பா போகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்லும் ஊர், சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோ. தெருச் சாப்பாடு மலிவு, பார்க்க வேண்டியவை பெரும்பாலும் நடக்கிற தூரத்தில். முதல் நாளில் டிக்கெட் வாங்கி நுழையும் இடம் ஒன்று போதும். மீதி நேரத்தைத் தெருவுக்குக் கொடுங்கள். நீங்கள் காலையில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: ஊருக்குள் வருவது

விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். டாக்ஸிக்காரர்களைத் தாண்டிப் போய், மத்திய ரயில் நிலையம் செல்லும் பஸ்ஸில் ஏறுங்கள். கட்டணம் ஆறேழு யூரோ, பயணம் ஒரு மணி நேரத்துக்குள். தூங்கிவிடாதீர்கள். கபாச்சி என்ற ஊர் அருகே நெடுஞ்சாலையின் இருபுறமும் சிவப்புத் தூண்கள் தெரியும். 1992 மே 23 அன்று மாஃபியா வைத்த குண்டில் நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயும் அவர் மனைவியும் மூன்று காவலர்களும் இறந்த இடம் அது.

படி 2: பையை இறக்குவது

ரயில் நிலையத்துக்கும் மாஸ்ஸிமோ ஓபரா அரங்கத்துக்கும் நடுவே, மக்வேதா வீதியை ஒட்டி ஹாஸ்டல் எடுங்கள். அறை மதியம்தான் கிடைக்கும்; பையை வைத்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

படி 3: இரண்டு தெருக்களைப் பழகுவது

மக்வேதா வீதியும் விட்டோரியோ எமானுவேலே வீதியும் வெட்டிக்கொள்ளும் நாற்சந்திக்குக் குவாட்ரோ கான்டி என்று பெயர். நான்கு மூலைக் கட்டடங்களிலும் கீழே நீரூற்று, நடுவில் ஸ்பெயின் மன்னர், மேலே ஊரைக் காக்கும் புனிதை. இங்கே நின்று திசை பிடித்துக்கொள்ளுங்கள். மக்வேதாவில் ஒரு பக்கம் ரயில் நிலையம், எதிர்ப்பக்கம் மாஸ்ஸிமோ. மற்றத் தெருவில் ஒரு முனை கடல், மறுமுனை கதீட்ரலும் அரண்மனையும். இது மனதில் பதிந்துவிட்டால் சந்துகளில் தாராளமாகத் தொலையலாம், எப்படியும் இரண்டில் ஒரு தெருவில் வந்து முட்டுவீர்கள்.

படி 4: அந்த ஒரு டிக்கெட்

நாற்சந்தியிலிருந்து இரண்டு நிமிட நடையில் மர்தொரானா தேவாலயம். நுழைவுக்கு ஓரிரு யூரோதான். உள்ளே 12ஆம் நூற்றாண்டின் தங்க மொசைக்குகள். ஒன்றில் அன்றைய சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்குக் கிறிஸ்துவே முடிசூட்டுகிறார். ராஜாவுக்கு விளம்பர ஆசை அன்றைக்கே இருந்திருக்கிறது! மதியம் பல தேவாலயங்களைச் சாத்திவிடுவார்கள், அதனால் முதலில் இதை முடித்துவிடுங்கள். கதீட்ரலின் பிரதான கூடத்துக்குக் கட்டணமில்லை. அதன் தெற்கு வாசலில், இடது ஓரத் தூணில், குர்ஆன் வரிகள் அரபியில் செதுக்கியிருக்கும். பழைய மசூதியின் கல் அது என்பார்கள். பலர் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள்.

படி 5: பல்லரோ சந்தையில் சாப்பாடு

பசியோடு போங்கள். கத்தரிக்காய், வாள்மீன், ஆலிவ் என்று கடைக்குக் கடை ராகம் போட்டுக் கூவுவார்கள். நீங்கள் தேட வேண்டியது பனெல்லே. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் களியாகக் கிண்டி, மெல்லிய வில்லைகளாக்கி, எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. எள் தூவிய ரொட்டிக்குள் நாலைந்து வில்லைகளை அடுக்கித் தருவதை வாங்கி, எலுமிச்சை பிழிந்து கடியுங்கள். இரண்டு மூன்று யூரோவில் மதியச் சாப்பாடு முடிந்தது. பொரித்து வைத்த தட்டைக் காட்டினால் தலையாட்டாதீர்கள், சட்டியிலிருந்து வரும் அடுத்த ஈடு வரை நில்லுங்கள்.

சைவர்கள் கவனிக்க: அரஞ்சீனா என்ற பெரிய சோற்றுருண்டைக்குள் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், 'வெண்ணெய்' வகையில்கூட ஹாம் வரும். 'மேவுசா' ரொட்டி என்பது மாட்டு மண்ணீரல். 'சென்ஸா கார்னே?' என்று கேளுங்கள், இறைச்சி இல்லாமலா என்று பொருள். ஆனால் ஹாமைச் சிலர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதைத் தனியாகக் கேட்பது நல்லது. பர்ஸ் முன் பாக்கெட்டில் இருக்கட்டும்.

இந்தச் சந்தையில் தமிழ் காதில் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஈழத்துத் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக இங்கே வாழ்கிறார்கள். ஊருக்குப் பின்னால் நிற்கும் பெல்லெக்ரீனோ மலையில் புனித ரோசாலியாவின் குகைக் கோயில் இருக்கிறது. 1624இல் பரவிய கொள்ளை நோயை விரட்டியவர் என்று ஊரே கும்பிடும் புனிதை. அங்கே இந்துத் தமிழர்களும் நேர்த்தி வைத்து மலையேறுகிறார்கள். இன்னொரு நாள் கிடைத்தால் போய் வாருங்கள்.

படி 6: மதியம்

தூங்குங்கள். கோடை வெயிலில் ஊர்க்காரர்களே வெளியே வருவதில்லை.

படி 7: மாலையும் இரவும்

விட்டோரியோ எமானுவேலே வீதியில் கடல் பக்கம் நடந்தால், முனைக்குச் சற்று முன் மரீனா சதுக்கம். விழுது இறக்கிய பிரம்மாண்ட மரம் ஒன்று அங்கே நிற்கிறது. நம் ஆலமரத்தின் இனம்தான், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வகை. அப்புறம் கடலோரப் புல்வெளி, இலவசம். இருட்டியதும் வுச்சிரியா சந்தைப் பக்கம் கூட்டமும் பாட்டும் புகையுமாக இருக்கும். தனியாக வந்தவர்கள் ஒரு சுற்று பார்த்துவிட்டு, ஆள் நடமாட்டமுள்ள மக்வேதா வழியாகவே திரும்புங்கள்.

மறுநாள் காலை அரண்மனைக்குள் இருக்கும் பலத்தீனா சிற்றாலயம். டிக்கெட் விலை கொஞ்சம் கடிக்கும், வரிசையும் சீக்கிரம் நீளும். தோளும் முழங்காலும் மறையும் உடையை எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள்.