டாஸ் விளையாட்டு "நினைவகம் போதாது" என்றால் எங்கே பார்ப்பது?

16 ஜிபி நினைவகம் கொண்ட மடிக்கணினியில் டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்காக 1992-ஆம் ஆண்டு வந்த விளையாட்டு ஒன்றைத் தொடங்கியதும் "நினைவகம் போதாது" என்ற செய்தி வந்து நின்றால் சிரிப்புத்தான் வரும். ஆனால் விளையாட்டு பொய் சொல்லவில்லை. ஐபிஎம் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட பிசியில் இருந்த 8088 செயலியால் 1 எம்பி வரைதான் முகவரியிட முடிந்தது. அதில் மேற்பகுதியான 384 கேபி திரைக்கும் கணினியைத் தொடங்கிவைக்கும் பயோஸுக்கும் ஒதுக்கப்பட்டு, நிரல்களுக்குக் கீழ்ப்பகுதியான 640 கேபி மட்டுமே மிஞ்சியது. கன்வென்ஷனல் நினைவகம் எனப்படும் இந்த 640 கேபியைத்தான் பெரும்பாலான பழைய விளையாட்டுகள் முதலில் கேட்கின்றன. அதற்கு மேலும் வேண்டியவை, 1 எம்பிக்கு வெளியே உள்ள கூடுதல் நினைவகத்தை அணுக உதவும் எக்ஸ்எம்எஸ், இஎம்எஸ் என்ற இரு வழிகளில் ஒன்றை நாடின. ஆகவே, எந்த நினைவகம் போதவில்லை என்று தெரியாமல் மொத்த அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

64-பிட் விண்டோஸில் டாஸ் நிரல்கள் நேரடியாக இயங்குவதில்லை என்பதால், பழைய டாஸ் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் எமுலேட்டரை வைத்தே இங்கு விளக்குகிறேன். கட்டளைகளையும் அமைப்பு வரிகளையும் ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

டாஸ்பாக்ஸைத் திறந்ததும் 'மெம்' என்று தட்டி என்டரை அழுத்தினால், ஒவ்வொரு வகை நினைவகமும் எவ்வளவு காலியாக உள்ளது என்பது தெரியும். கன்வென்ஷனல் நினைவகம் 630 கேபிக்குச் சற்றுக் கூடுதலாகக் காலியாக இருப்பதே அங்கு வழக்கம். அப்படி இருந்தும் விளையாட்டு குறை சொன்னால், சிக்கல் பெரும்பாலும் இஎம்எஸ் தொடர்பானது. டாஸ்பாக்ஸின் அமைப்புகள் எழுதப்பட்டிருக்கும் அமைப்புக் கோப்பின் 'டாஸ்' பகுதியில் எக்ஸ்எம்எஸ், இஎம்எஸ், யுஎம்பி (384 கேபி மேற்பகுதியில் காலியாக உள்ள இடம்) என்று தனித்தனி வரிகள் உள்ளன. அவற்றில் ஒன்றை மட்டும் 'ஃபால்ஸ்' என மாற்றிச் சேமித்து, டாஸ்பாக்ஸை மூடித் திறந்து, விளையாட்டை மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால், எது பலன் தந்தது என்பது கடைசிவரை தெரியாது.

இதை நான் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கிக் கற்றுக்கொண்டேன். அல்டிமா 7 தொடங்க மறுத்தபோது, மொத்த நினைவகத்தைக் குறிக்கும் 'மெம்சைஸ்' வரியில் இருந்த 16-ஐ 32 ஆக்கினேன், பிறகு 63 ஆக்கினேன்; ஒன்றும் நடக்கவில்லை. அந்த விளையாட்டு தனக்கென ஒரு நினைவக மேலாளரைக் கொண்டது. அது இஎம்எஸ் மேலாளரோடு ஒத்துப்போகாது. 16-ஐயே திரும்ப வைத்து இஎம்எஸ்ஸை நிறுத்தியதும் விளையாட்டு ஓடியது. மெம்சைஸைக் கூட்டுவதால் வேகமும் கூடுவதில்லை. சில விளையாட்டுகள் அதனாலேயே குழம்புவதும் உண்டு.

நினைவகம் மிகுதியாக இருப்பதே கோளாறாகும் விந்தையும் இங்கு உண்டு. 'பேக்டு ஃபைல் இஸ் கரப்ட்' என்ற செய்தியைக் கண்டு கோப்பு கெட்டுவிட்டதாக எண்ணி மீண்டும் பதிவிறக்குபவர்கள் பலர். உண்மையில் கோப்பு நன்றாகவே இருக்கும். எக்ஸ்இபேக் என்ற கருவியால் சுருக்கப்பட்ட நிரல் நினைவகத்தின் முதல் 64 கேபிக்குள் ஏற்றப்பட்டால், அதன் விரிப்புப் பகுதி முகவரியைத் தவறாகக் கணக்கிடுகிறது. டாஸ் குறைந்த இடத்தைப் பிடித்து, கீழ்ப்பகுதி காலியாகக் கிடக்கும்போது இது நிகழ்கிறது. விளையாட்டின் பெயருக்கு முன்னால் 'லோட்ஃபிக்ஸ்' என்று சேர்த்து இயக்கினால், அது அந்த 64 கேபியை அடைத்துக்கொண்டு நிரலை மேலே தள்ளிவிடும். 'ரன்டைம் எரர் 200' என்பதோ நினைவகச் சிக்கலே அன்று. டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழிக் கருவியில் எழுதிய நிரல்கள் வேகமான செயலியில் தடுமாறுவதன் விளைவு அது. கன்ட்ரோலோடு எஃப்11-ஐ அழுத்தி வேகத்தைக் குறைத்த பின் தொடங்குங்கள்.

உண்மையான பழைய கணினியில் எம்எஸ்-டாஸ் வைத்திருப்பவர்கள், கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ஹைமெம்.சிஸ்ஸையும், மேற்பகுதியில் உள்ள காலி இடத்தைத் திறந்துவிடும் இஎம்எம்386-ஐயும் ஏற்றி, டாஸை மேல் நினைவகத்துக்கு அனுப்பி, சுட்டி இயக்கியை 'லோட்ஹை' கொண்டும் சிடி இயக்கியை 'டிவைஸ்ஹை' கொண்டும் மேலே ஏற்றினால் கன்வென்ஷனல் நினைவகம் கணிசமாக மீளும். விளையாட்டுக்கு இஎம்எஸ் தேவையில்லை என்றால், இஎம்எம்386 வரியில் 'நோஇஎம்எஸ்' என்று சேர்ப்பது மேற்பகுதியில் மேலும் 64 கேபியை விடுவிக்கும்.

இனித் திரை. வட்டமாக இருக்க வேண்டிய நிலவு மேலும் கீழும் அமுங்கிய பூசணியைப் போலத் தெரிந்தால், விகிதம் தவறியிருக்கிறது. 320-க்கு 200 என்ற அளவில் வரைந்த படம், 4-க்கு 3 விகிதத் திரையை நிரப்பும் என எண்ணி வரையப்பட்டது. அதன் ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமானது. 'ரெண்டர்' பகுதியில் 'ஆஸ்பெக்ட்' வரியை 'ட்ரூ' ஆக்கினால் நிலவு உருண்டையாகும். 'அவுட்புட்' வரி 'சர்ஃபேஸ்' என்று இருந்தால் சாளரத்தின் அளவை மாற்ற முடியாது. 'ஓப்பன்ஜிஎல்' என மாற்றிவிட்டு 'விண்டோரெசல்யூஷன்' வரியில் வேண்டிய அளவைத் தரலாம். படம் மங்கலாகத் தெரிந்தால் 'ஓப்பன்ஜிஎல்என்பி' பிக்சல்களைக் கூர்மையாகக் காட்டும். என் கண்ணுக்கு அதுவே பிடித்திருக்கிறது.

நிறங்கள் நான்கு மட்டுமே தெரிந்தால், எமுலேட்டரைக் குறை சொல்வதற்கு முன் விளையாட்டின் செட்டப் நிரலைத் திறந்து, பழைய திரைத் தரமான சிஜிஏ தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட நிறங்கள் மிகுந்த விஜிஏ இருந்தும் பழைய தேர்வு அங்கே சேமிக்கப்பட்டுக் கிடப்பது அடிக்கடி காணும் காட்சி. விஜிஏவையும் விஞ்சிய எஸ்விஜிஏ தர விளையாட்டில் திரை கலைந்தால், 'மெஷின்' வரியில் உள்ள 'எஸ்விஜிஏ_எஸ்3' என்பதற்குப் பதிலாக 'வெசா_நோஎல்எஃப்பி' இட்டுச் சோதிக்கலாம்.

இத்தனையும் ஒரே அமைப்புக் கோப்பில் செய்தால், ஒரு விளையாட்டுக்குச் செய்த மருத்துவம் இன்னொன்றுக்கு நோயாகிவிடும். ஒவ்வொரு விளையாட்டின் கோப்புறையிலும் தனி அமைப்புக் கோப்பு ஒன்றை வைத்து, டாஸ்பாக்ஸைத் தொடங்கும்போது '-கான்ஃப்' என்பதோடு அதன் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.