நொண்டும் நாட்டுக்கோழியைத் தேற்றுவது எப்படி

கோழி நொண்டினால் பல வீடுகளில் கை முதலில் போவது மஞ்சள் டப்பாவுக்குத்தான். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, இது அடியா நோயா என்பது. நாய் துரத்தியது, வண்டிச் சக்கரம் உரசியது, முருங்கை மரத்திலிருந்து சிமெண்ட் தரையில் குதித்தது என்று காரணம் தெரிந்தால், அதுவும் ஒரு கால் மட்டும் தூக்கி நடந்தால், பெரும்பாலும் அடிதான். இரண்டு காலும் சேர்ந்து தளர்ந்து, கழுத்து முறுக்கி, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். வளரும் பருவத்துக் கோழி ஒரு காலை முன்னேயும் ஒரு காலைப் பின்னேயும் நீட்டிப் படுத்தால் நரம்பைத் தாக்கும் வைரஸ் நோயான மேரக்ஸைச் சந்தேகிக்க வேண்டும். இந்த இரண்டும் மற்ற கோழிகளுக்குப் பரவும், கட்டுப் போட்டுத் தீராது. உடனே தனியாகப் பிரித்துவிட்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். தினமும் முட்டையிடும் கோழி அடியே படாமல் திடீரென்று உட்கார்ந்துவிட்டால், வயிற்றின் பின்பக்கம் முட்டை சிக்கியிருக்கிறதா என்று மெதுவாகத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைவாலும் இப்படி ஆகும்.

பகலில் துரத்திப் பிடிக்க வேண்டாம். ஓட ஓட விரிசல் விட்ட எலும்பு முழுதாக முறியும். இருட்டியபின் கூண்டிலேயே எடுத்தால் அலறாமல் வரும். பழைய துண்டால் இறக்கைகளோடு சேர்த்துச் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நெஞ்சை அழுத்தக் கூடாது. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சிழுக்க உதவும் தசைத்திரை, கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு வரும், இறுக்கிப் பிடித்தாலே மூச்சு முட்டிச் செத்துவிடும்.

நல்ல காலை முதலில் தடவுங்கள், பிறகு அடிபட்ட காலை. வித்தியாசம் கையில் தெரியும். விரல் நுனியில் தொடங்கி, உள்ளங்கால், செதில் மூடிய கால் தண்டு, அதற்கு மேலுள்ள மூட்டு, கெண்டை, தொடை என்று மேலே போங்கள். வீக்கம், சூடு, எலும்பு கரகரவென்று உரசுவது, மூட்டில்லாத இடத்தில் வளைவது ஆகியவற்றைக் கவனியுங்கள். விரல் இடுக்கை விரித்துப் பார்க்க மறக்காதீர்கள். காரணம் தெரியாத நொண்டலில் அடிக்கடி அகப்படுவது தலைமுடியும் பூ கட்டும் நூலும்தான். விரலைச் சுற்றி இறுகி, தோலுக்குள் புதைந்து, மேலே பார்த்தால் வெறும் வீக்கமாகத் தெரியும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, எண்ணெய் தடவி, சின்னக் கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டி எடுங்கள். இழுத்தால் இன்னும் இறுகும். விரல் நுனி ஏற்கனவே கறுத்து உலர்ந்திருந்தால் அது தானாக உதிரும். ஈரமில்லாமல் வைத்திருந்தால் போதும்.

ஒரு விஷயத்தில் பலர் பயந்துவிடுகிறார்கள். அடிபட்ட இடம் ஓரிரு நாளில் பச்சை நிறமாகும். அது அழுகல் இல்லை. கோழிக்கு இரத்தக்கட்டு ஆறும்போது வரும் நிறமே பச்சைதான். அழுகினால் கறுக்கும், தொட்டால் சில்லென்று இருக்கும், நாற்றம் வரும்.

அடிபட்ட கோழிக்கு முதல் மருந்து ஓய்வு. இரண்டடிக்கு இரண்டடி அட்டைப்பெட்டியோ, பஞ்சாரமோ போதும். ஓட இடம் கொடுத்தால் ஓடத்தான் பார்க்கும். செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால் வழுக்கும். அடியில் சாக்கு, அதன் மேல் மூன்று அங்குலத்துக்கு வைக்கோலோ உமியோ போட்டு, நனைந்ததைத் தினமும் மாற்றுங்கள். மற்ற கோழிகள் கண்ணில் படும்படி வையுங்கள், ஆனால் எட்டிக் கொத்தும்படி வைக்காதீர்கள். இரத்தச் சிவப்பைப் பார்த்தால் கூட வளர்ந்த கோழியே கொத்தும். சேவல் பக்கத்திலேயே வரக் கூடாது.

தண்ணீரும் தீவனமும் உட்கார்ந்த இடத்திலேயே எட்ட வேண்டும். கவிழாத கனமான மண் சட்டி நல்லது. எழ முடியாத கோழி பல நேரம் அடியால் சாவதில்லை, தாகத்தால் சாகிறது. முதல் நாள் குடிக்கவில்லை என்றால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, அது விழுங்கும்வரை காத்திருங்கள். சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். வழக்கமான கம்பு, சோளக் குருணையோடு அவித்த முட்டையும் பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரையும் கொடுக்கலாம். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியதைக் கொத்திக்கொள்ளும்.

காயம் இருந்தால் கழுவுவதுதான் பாதி வைத்தியம். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி தூள் உப்பு கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் மண்ணும் இறகும் போகும்வரை பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை வெளிர் தேநீர் நிறத்துக்கு நீர்த்து ஒற்றுங்கள். மேல்தோல் சிராய்ப்புக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசலாம், ஈ அண்டாது. நாய்ப் பல் இறங்கிய ஆழமான துளையில் மஞ்சளைத் திணிக்கக் கூடாது. மேலே மூடி உள்ளே சீழ் கட்டும். மண்ணெண்ணெய், மூக்குப்பொடி, வலி நிவாரணத் தைலம் எதுவும் வேண்டாம். காலையும் மாலையும் புழு வைத்திருக்கிறதா என்று பாருங்கள், வெயில் காலத்தில் ஒரே நாளில் வைத்துவிடும்.

எலும்பு முறிவில், வீட்டில் கட்டக்கூடியது கால் தண்டு மட்டும்தான். கெண்டையிலும் தொடையிலும் சதை அதிகம், கட்டு நழுவி முறிந்த இடத்தையே இழுக்கும். அங்கே முறிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், முடியாவிட்டால் மூன்று வாரம் சிறிய பெட்டியில் அசையாமல் வைப்பதே மேல். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் வீட்டு வைத்தியமே வேண்டாம். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் பற்றி விசாரிக்கலாம்.

தண்டு முறிவுக்கு இரண்டு ஐஸ் குச்சி, பஞ்சு, ஓரங்குலத் துணிக் கட்டு, காகித பிளாஸ்திரி வேண்டும். குச்சிகளை மூட்டுக்குக் கொஞ்சம் கீழிருந்து விரல் தொடங்கும் இடம்வரை வரும்படி வெட்டி, முனையைத் தரையில் தேய்த்து மழுக்குங்கள். ஒருவர் கோழியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பாதத்தை மெதுவாகக் கீழே இழுத்து நல்ல காலைப் போல நேராக்க வேண்டும். விரல்கள் முன்பக்கம் பார்க்கிறதா என்று அப்போதே சரிபாருங்கள், திரும்பிக் கூடிய கால் பிறகு திரும்பாது. பஞ்சை மெல்லியதாகச் சுற்றி, உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாகக் குச்சியை வைத்து, கீழிருந்து மேலாகத் துணியைச் சுற்றுங்கள். மேல் மூட்டு உட்காரும்போது எப்படி மடிந்திருக்குமோ அந்த வளைவிலேயே வைத்து, எட்டு போட்ட மாதிரி இரண்டு சுற்று அதன் மேலும் போக வேண்டும். மூட்டு ஆடினால் முறிவும் ஆடும்.

கட்டுப் போடுவதில் நடக்கும் தவறு பெரும்பாலும் இறுக்கம்தான். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். வீங்கியிருந்தாலோ, நல்ல காலைவிடக் குளிர்ந்திருந்தாலோ உடனே அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். விடியும்வரை விட்டால் பாதமே போய்விடும். பிறகு தினம் இருமுறை பாருங்கள், நனைந்தால் மாற்றுங்கள். பெரிய கோழிக்குச் சுமார் மூன்று வாரத்தில் கூடும். அவிழ்க்கும்போது முறிந்த இடத்தில் கெட்டியான முடிச்சு தட்டுப்பட்டால் அது எலும்பு கூடியதன் அடையாளம். குஞ்சுக்கு இரண்டு வாரத்துக்குள் கூடிவிடும், ஆனால் வளர வளரக் கட்டு இறுகும் என்பதால் மூன்று நாளுக்கொரு முறை புதிதாகக் கட்ட வேண்டும்.

உள்ளங்காலில் வட்டமான கறுப்புப் பொருக்கும் வீக்கமும் இருந்தால் அது வேறு கதை. முள்ளோ கல்லோ குத்தி உள்ளே சீழ் கட்டியாகியிருக்கிறது. கோழிச் சீழ் வழியாது, பாலாடைக்கட்டி போல இறுகிவிடும், பிதுக்கினால் வராது. வெதுவெதுப்பான எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட், சமையல் உப்பு அல்ல) நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பொருக்கு தானாக இளகினால் மட்டும் எடுத்து, அயோடின் வைத்துக் கட்டுங்கள். பிளேடால் அறுக்கும் வேலை மருத்துவருடையது. அந்தக் கிருமி மனிதக் காயத்திலும் ஏறும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மனிதருக்கான வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தைக் கொடுப்பது, அவற்றின் பிணத்தைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகளை அழித்ததால் இந்தியாவில் 2006-லேயே தடை செய்யப்பட்டது. வலி மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும். எத்தனை நாளைக்கு முட்டையும் இறைச்சியும் சாப்பிடக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தேறாது என்று தெரிந்தால் அறுத்துவிடலாமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். மருந்து ஏறாத, நோயில்லாத கோழிக்கு அன்றே அடிபட்டது என்றால் சரி. சீழ் பிடித்ததும் ஊசி போட்டதும் சமையலுக்கு ஆகாது. பாதம் கறுத்து நாறி, தீனியும் நின்றுவிட்ட கோழியை வலியில் கிடக்க விடாமல், துன்பமின்றி முடித்துவைக்கும்படி மருத்துவரைக் கேளுங்கள்.

நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கும் கோழிக்கு நெஞ்செலும்பின் மேல் தோல் புண்ணாகும், பின்பக்கம் எச்சம் ஒட்டி ஈ மொய்க்கும். தினமும் வெந்நீர்த் துணியால் துடைத்து உலர்த்துங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகும் எழவில்லை என்றால் தொட்டில் உதவும். துணியில் கால்களுக்கு இரண்டு துளையும் எச்சம் விழப் பின்னால் ஒரு துளையும் வெட்டி, பிளாஸ்டிக் கூடையின் குறுக்கே கட்டி, பாதம் தரையைத் தொடும் அளவுக்குக் கோழியை இறக்குங்கள். ஒரு நேரத்துக்குப் பதினைந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை போதும். எலும்பு முறிந்த கோழிக்கு, முறிவு கூடியபிறகே இது.

நடக்க ஆரம்பித்ததும் நேரே கூட்டத்தில் விடாதீர்கள். சாதுவான ஒரு கோழியைத் துணைக்கு விட்டு இரண்டு நாள் பாருங்கள், பிறகு இருட்டியபின் கூண்டில் சேருங்கள். ஏறி உட்காரும் கம்பு ஒன்றரை அடிக்கு மேல் உயர வேண்டாம். இரண்டு அங்குல அகலத்தில், விளிம்பு மழுங்கிய மரமாக இருந்தால் நல்லது. கீழே வைக்கோல் பரப்பி, ஏறி இறங்கச் சாய்வாக ஒரு பலகை வையுங்கள்.