சாப்பாட்டு மேசையில் ஒரு ரயில் பெட்டி: அட்டையில் செய்வது எப்படி

நம்ம ஊர் ரயில் பெட்டியின் மாடல் கடையில் லேசில் கிடைக்காது. ஹார்ன்பி, பாக்மன் என்று எந்த மாடல் கம்பெனியின் டப்பாவைப் பிரித்தாலும் உள்ளே இருப்பது இங்கிலாந்து வண்டி, இல்லையென்றால் அமெரிக்க வண்டி. பெரம்பூரில் கட்டிய, ஜன்னலுக்குக் குறுக்கே கம்பி வைத்த, அந்தப் பழைய செங்காவி நிற ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) பெட்டிதான் வேண்டும் என்றால் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். அதற்குப் பெரிய பட்டறை எல்லாம் தேவையில்லை. ஒரு மேசை, அட்டை, வெள்ளைப் பசை, நல்ல கத்தி, கொஞ்சம் பொறுமை போதும்.

சென்னையில் வேலை ஓய்வு பெற்று, மகள் குடும்பத்தோடு கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். காலையில் மரைன் டிரைவில் நடந்துகொண்டே கரையோரப் பாதை வண்டிகளை வேடிக்கை பார்ப்பேன். மத்தியானம் சாப்பாட்டு மேசை காலியானதும் அட்டையோடு உட்கார்ந்துவிடுவேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மேசையை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அதனால் கீழே சொல்லும் எல்லாமே ஒரு தாம்பாளத்தில் வைத்து அப்படியே தூக்கி அலமாரிமேல் வைக்கக்கூடிய வேலைகள்தான்.

அடிக்கோல் வைத்து அட்டையை நேராக வெட்ட உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஸ்கேல் கணக்கு

ஸ்கேல் என்றால் நிஜத்தை எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்குகிறோம் என்ற கணக்கு. யாரைக் கேட்டாலும் "எச்.ஓ. (HO) ஸ்கேலில் ஆரம்பியுங்கள்" என்பார்கள். தண்டவாளத்தை எச்.ஓ.வில் வாங்குங்கள், பெட்டியை மட்டும் அந்த ஸ்கேலில் செய்யாதீர்கள் என்பது என் கட்சி. காரணம் இருக்கிறது. எச்.ஓ. என்றால் 87-இல் ஒரு பங்கு. அதன் 16.5 மி.மீ. தண்டவாளம் ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்குக் கணக்கானது. இந்தியாவின் அகலப் பாதையும் இலங்கையின் அகலப் பாதையும் 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும். அந்த அகலத்தில் தண்டவாளம் கடையில் இல்லை. சரி, 16.5-லேயே ஓட்டிவிடலாம் என்று எச்.ஓ. அளவில் பெட்டியைச் செய்து வைத்தால், பயில்வானுக்குக் குச்சிக்கால் வைத்த மாதிரி இருக்கும். ரயில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கும்.

வழி என்ன? ஓர் அடிக்கு 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை அடி பெருக்கல் மூன்று, சரியாகப் பதினாறரை. கடையில் வாங்கும் எச்.ஓ. தண்டவாளமே நம் அகலப் பாதைக்கு மயிரிழை பிசகாமல் பொருந்திவிடுகிறது. 101.6-இல் ஒரு பங்கு என்பது இந்த ஸ்கேலின் கணக்கு. ஆனால் கால்குலேட்டரே வேண்டாம். அளவை அங்குலத்தில் எழுதி நாலால் வகுத்தால் மி.மீ. வந்துவிடும்.

ஐ.சி.எஃப். பெட்டியின் அளவுகள் மீட்டரில் பார்த்தால் கோணல்மாணலாக இருக்கும், அடிக்கு மாற்றினால் அழகாக உட்காரும். உடல் நீளம் 21,337 மி.மீ., அதாவது 70 அடி. மாடலில் 210 மி.மீ. இரண்டு போகிகளின் (பெட்டிக்கு அடியில் நாலு நாலு சக்கரத்தோடு திரும்பும் சட்டங்களின்) மையங்களுக்கு இடையே 14,783, மாடலில் 145.5. ஒரு போகியின் இரண்டு அச்சுகளுக்கு நடுவே 2,896, மாடலில் 28.5. சக்கர விட்டம் 915, மாடலில் 9. அகலம் 3,245, மாடலில் 32 என்று வைத்துக்கொள்ளலாம். தண்டவாளத்திலிருந்து கூரை உச்சிவரை 4,025, மாடலில் 39.6. இதை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள்.

இந்த ஸ்கேலில் இன்னொரு லாபமும் உண்டு. பழைய போட் மெயில் பாதையில், தனுஷ்கோடி வரை இந்தியப் பக்கம் மீட்டர் கேஜ். கப்பலில் கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கினால் இலங்கைப் பக்கம் அகலப் பாதை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனதோடு அந்த ஊருக்கான பாதை முடிந்தது. 3 மி.மீ. ஸ்கேலில் மீட்டர் கேஜ் 9.8 மி.மீ. சொச்சம். கடையில் 'என்' (N) ஸ்கேல் என்று விற்கும் தண்டவாளம் 9 மி.மீ. கொஞ்சம் குறைகிறதுதான், ஆனால் கண்ணை உறுத்தாது. ஆக இரண்டு கரையையும் கடையில் கிடைக்கும் தண்டவாளத்திலேயே ஒரே பலகையில் போடலாம். எனக்கு அந்த ஆசை இருக்கிறது. மேசைதான் போதாது.

அட்டை: எந்தப் பக்கம் வளைகிறது?

புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு ஓடுவதற்கு முன் வீட்டில் இருக்கும் தேயிலைப் பெட்டி, பிஸ்கட் பெட்டி அட்டையைப் பாருங்கள். அரை மி.மீ. கனம் இருந்தால் போதும். அட்டைக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளைந்தால், வளைவின் கோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது என்று அர்த்தம். அந்த நார் பெட்டியின் நீளவாக்கில் வரும்படி வெட்டுங்கள். மாற்றி வெட்டினால் கொழும்பின் ஈரக் காற்றுக்குப் பெட்டி இரண்டே வாரத்தில் வாழைப்பழம் போல் வளைந்துவிடும்.

ஒவ்வொரு பக்கச் சுவரும் இரண்டு அடுக்கு. வெளி அடுக்கில் ஜன்னல் சரியான அளவில், உள் அடுக்கில் எல்லாப் பக்கமும் 1 மி.மீ. பெரிதாக. ஜன்னல்களை ஒவ்வொன்றாக வெட்டாதீர்கள். முதலில் எல்லா ஜன்னலின் செங்குத்துக் கோடுகள், பிறகு எல்லா ஜன்னலின் படுக்கைக் கோடுகள். கத்தியை மூலையில் குத்தி நிறுத்தி, அங்கிருந்து நடுவை நோக்கி இழுங்கள். அடுத்த மூலையிலிருந்தும் அப்படியே. நடுவிலிருந்து மூலைக்கு இழுத்தால் கத்தி கோட்டைத் தாண்டி ஓடிவிடும்.

கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. முனையை முறித்துப்போடும் மஞ்சள் கத்தி நேர்க்கோட்டுக்குச் சரி, ஜன்னலுக்கு உதவாது, அலகு ஆடும். மருந்துக்கடையில் கேட்டால் சர்ஜிக்கல் பிளேடு கிடைக்கும், கூர்முனையான 11-ஆம் நம்பர் வாங்குங்கள். ஒரு சுவருக்கு ஒரு பிளேடு என்று செலவழியுங்கள். மழுங்கிய பிளேடில் கஞ்சத்தனம் பார்த்தால் அட்டை ஓரம் பஞ்சாகப் பிரியும்.

ஜன்னல் கம்பி

இந்தியப் பெட்டியை இந்தியப் பெட்டியாகக் காட்டுவதே இந்தக் கம்பிதான். வெட்டிய வெளிச் சுவருக்கு முதலில் வண்ணம் அடித்துக் காயவையுங்கள். பிறகு சுவரைவிட இரண்டு பக்கமும் 2 செ.மீ. நீண்ட ஒரு மரச் சட்டத்தின் இரண்டு முனையிலும், 1 மி.மீ. இடைவெளியில் சின்னச் சின்ன வெட்டுகள் போடுங்கள். சாம்பல் நிறத் தையல் நூலை முனைக்கு முனை நீளவாக்கில் இழுத்துச் சுற்றுங்கள். வண்ணம் அடித்த சுவரின் பின்பக்கம் மெல்லியதாகப் பசை தடவி இந்த நூல்கள்மேல் படுக்க வையுங்கள். ஒரே இழுப்பில் எல்லா ஜன்னலுக்கும் கம்பி வந்துவிடும், அதுவும் ஒரே மட்டத்தில். 6 மி.மீ. உயர ஜன்னலுக்கு ஐந்து நூல் சரியாக இருக்கும். மேலே உள் அடுக்கை ஒட்டி, கனமான புத்தகங்களை அடுக்கி ராத்திரி முழுக்க விடுங்கள். காய்ந்ததும் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டிவிடலாம்.

கூரை சுலபம். 30 மி.மீ.க்கு ஒரு வில் வடிவ அட்டை வைத்து, மேலே வரைதாளைப் போர்த்தி ஒட்டுங்கள். தாளை முன்னதாக ஒரு பாட்டிலைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தால் அடங்கி வரும்.

போகி: இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்வது

போகியை முழுக்கக் கையால் செய்யலாம், ஆனால் முதல் பெட்டிக்கு வேண்டாம். பழைய ஜெர்மன் எச்.ஓ. பெட்டிகளில் வரும் மின்டன்-டாய்ட்ஸ் போகியைத் தேடுங்கள். நிஜத்தில் அதன் அச்சு இடைவெளி 2,500 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 28.7. நமக்குத் தேவை 28.5. சக்கரம் கொஞ்சம் பெரிது, மாற்றிக்கொள்ளலாம். எச்.ஓ.வில் 33 அங்குலச் சக்கரம் என்று விற்பது 9.6 மி.மீ. வரும், அது போதும். ஓ.ஓ. (OO) என்ற இங்கிலாந்து ஸ்கேலின் போகிகள் நீளம், பெட்டிக்கு அடியில் பிதுங்கித் தெரியும்.

இனி மாட்டும் விதம். இரண்டு போகியையும் இறுக்கி மாட்டினால், தண்டவாளம் எங்கே ஒரு தாள் கனம் மேடாக இருந்தாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும், அடுத்த வளைவில் பெட்டி இறங்கிவிடும். இரண்டையும் தொளதொளவென்று விட்டால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து குடிகாரன் மாதிரி போகும். அதனால் ஒன்று ஒரு மாதிரி, மற்றது வேறு மாதிரி.

முதல் போகியின் திருகுக்கு இடமும் வலமும் இரண்டு சின்ன அட்டைத் துண்டுகளைப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். போகி அந்தத் துண்டுகளில் உட்காரும். முன்னும் பின்னும் குனிந்து நிமிரும், பக்கவாட்டில் சாயாது. இரண்டாவது போகிக்குத் துண்டு கிடையாது. திருகைச் சுற்றி ஒரே ஒரு சின்ன வாஷர். இது எந்தப் பக்கமும் ஆடலாம். ஆக பெட்டி மூன்று புள்ளிகளில் நிற்கிறது, முக்காலி ஆடாது என்பதுதான் இதன் சூத்திரம். திருகை இறுக்கிவிட்டு அரைச் சுற்று தளர்த்தி, நட்டின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள், கழலாது.

சோதித்துப் பார்க்க, சமமான கண்ணாடிமேல் பெட்டியை நிறுத்தி ஒரு போகியின் ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களுக்கும் அடியில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகுங்கள். மற்ற ஆறு சக்கரமும் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு இருந்தால் போகி வேலை முடிந்தது. ஒன்று தூக்கினாலும் இரண்டாவது போகியின் திருகு இறுகியிருக்கிறது என்று பொருள்.

பஃபர், அதாவது பெட்டியின் முனையில் இருக்கும் இடிதாங்கி, அதன் உயரத்தையும் இப்போதே பாருங்கள். நிஜத்தில் தண்டவாளத்திலிருந்து பஃபர் மையம் வரை அதிகபட்சம் 1,105 மி.மீ., நமக்கு 10.9. கீழே 10 வரை வந்தாலும் குடிமுழுகிப் போகாது, பாரம் ஏற்றிய பெட்டி நிஜத்திலும் இறங்கித்தான் நிற்கும்.

எடை

அட்டைப் பெட்டி காற்றுக்கே நகரும். எச்.ஓ.வுக்கு அமெரிக்க மாடல் சங்கம் சொல்லும் கணக்கு, ஒரு அவுன்சோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். 210 மி.மீ. பெட்டிக்குச் சுமார் 145 கிராம் வருகிறது. இரும்பு வாஷர்களைத் தரையில் தாழ்வாக, போகிகளுக்கு நேர் மேலே பரப்பி ஒட்டுங்கள். கூரைப் பக்கம் எடை ஏறவே கூடாது.

கடல் காற்று

இது கரையோரத்தில் இருப்பவர்களுக்கு. காய்ந்த பெட்டிக்கு உள்ளும் புறமும் ஷெல்லாக் பூசுங்கள். வெளியே மட்டும் பூசினால் ஈரம் உள்ளே இருந்து இழுத்து வளைத்துவிடும். ஷெல்லாக் பூசிய இடத்தில் வெள்ளைப் பசை பிடிக்காது, ஆகவே ஒட்டும் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் இது. ஸ்பிரே வண்ணம் மழை நாளில் அடிக்காதீர்கள், வெண்படலம் பூத்துவிடும். ஜனவரி, பிப்ரவரியின் காய்ந்த மத்தியானங்கள் எனக்குப் பிடித்தவை. அவசரம் என்றால் தூரிகைதான், அதுவும் மோசமில்லை.

தண்டவாளம் வாங்கும்போது நிக்கல் சில்வர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பீக்கோ நல்லது. இரும்பு மலிவு, ஆனால் வெள்ளவத்தைக் காற்றில் துரு பிடிக்கும், மின்சாரம் போகாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து அவ்வப்போது துடையுங்கள்.

பின்னால் சேர்த்தது

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், யாழ்தேவி பெட்டிக்கும் இந்தக் கணக்கு செல்லுமா என்று கேட்டிருந்தார். தாராளமாக. பாதை அதே ஐந்தரை அடி. பெட்டி அளவை மட்டும் நீங்கள் எடுக்க வேண்டும். மேடையில் நிற்கும்போது ஒரு ஜன்னல் அகலத்தை அளந்துகொண்டு, நேர் பக்கவாட்டில் எடுத்த போட்டோவில் மற்றதைக் கணக்கிடலாம். நகரும் வண்டி பக்கம் போகாதீர்கள். களனிவெளிப் பாதையின் பழைய குறும்பாதை வேண்டும் என்றவருக்கு: அது இரண்டரை அடி, 7.5 மி.மீ. வருகிறது. தண்டவாளத்தையே கையால் போட வேண்டும், முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

நூல் ரோமம் பிடித்துத் தெரிகிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். பருத்தி நூல் அப்படித்தான். பாலியஸ்டர் நூல் வாங்கி, சுற்றுவதற்கு முன் மெழுகுவர்த்தியில் ஒரு இழு இழுங்கள்.

வளைவில் இறங்குகிறது என்பவர்கள் போகியைக் குறை சொல்வதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். நிஜ வண்டி மாதிரி தெரிய நீங்கள் அடியில் ஒட்டிய பாட்டரிப் பெட்டி சக்கரத்தில் இடித்த தடம் இருக்கும். அதை நடுவுக்குத் தள்ளி ஒட்டுங்கள். அப்புறம், 371 மி.மீ. ஆர வளைவு இந்த நீளத்துக்கு இறுக்கம், 438-க்குப் போய்விடுங்கள். அதற்கும் இடமில்லாத மேசை என்றால் கப்ளிங்கை (பெட்டிகளை இணைக்கும் கொக்கியை) பெட்டி உடலில் மாட்டாமல் போகியிலேயே மாட்டுங்கள், பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி கூடுதலாகத் தெரியும், ஆனால் ஓடும்.