சபர் (வெளிநாட்டுப் பயணம்) கிளம்பும் முன்: ரியாலா, டாலரா, கார்டா?

உம்ராவுக்கோ, மகன் வீட்டுக்குக் கோலாலம்பூருக்கோ கிளம்பும்போது, "டாலர்தான் எங்கேயும் செல்லும்" என்று டாலராக வாங்குவது கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துச் சபராளிகள் பலருக்குப் பழக்கம். இதில் இரண்டு முறை நஷ்டம். ரூபாயை டாலராக்கும்போது மணி சேஞ்சர் தன் லாபத்தை எடுக்கிறார். ஜித்தாவில் டாலரை ரியாலாக்கும்போது இன்னொருவர் எடுக்கிறார். ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று சவூதி நிலையாக வைத்திருப்பதால், டாலராக வைத்திருந்தாலும் கூடுதலாக எதுவும் கிடைக்காது. போகும் நாட்டுப் பணத்தையே நேரடியாக வாங்குங்கள்.

இலங்கைக்கு மட்டும் இது பொருந்தாது. இலங்கை ரூபாய் இங்கே லேசில் கிடைக்காது. டாலர் எடுத்துப்போய்க் கட்டுநாயக்க விமான நிலையத்து வங்கிக் கவுண்டரில் மாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மீந்ததைத் திரும்ப டாலராக்க அது வேண்டும். கிழிசல், பேனாக் கிறுக்கல், முத்திரை உள்ள 100 டாலர் நோட்டைப் பல இடங்களில் வாங்க மறுப்பார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள். ஆகவே இங்கே வாங்கும்போதே ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

சின்ன ஊர்க் கடைகளில் மலேசிய ரிங்கிட்டோ சவூதி ரியாலோ எப்போதும் இருப்பில் இருக்காது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே போன் செய்து சொல்லிவையுங்கள். ரிசர்வ் வங்கி உரிமம் மாட்டியிருக்கும் கடையா என்று பாருங்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு கேட்பார்கள். "ரேட் என்ன?" என்று மட்டும் கேட்டால் போதாது; "2,000 ரியாலுக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு ரூபாய் தர வேண்டும்?" என்று இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். ரியாலுக்கு 50 காசு வித்தியாசம் என்றாலே 1,000 ரூபாய் போய்விடும். ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி 0.18 சதவீதம்தான், குறைந்தது 45 ரூபாய். இதைவிடக் கூடுதலாக வரி என்று சொன்னால் கணக்குக் கேளுங்கள். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் வங்கி வழியாகத்தான் செலுத்த வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் மதிப்பு வரைதான் நோட்டாக வாங்க முடியும். ஹஜ், உம்ராவுக்கு இந்த வரம்பு தளர்வு.

எல்லாவற்றையும் நோட்டாகச் சுமக்காதீர்கள். டாக்ஸி, சாப்பாடு என்று முதல் மூன்று நாள் செலவுக்கு 5, 10, 50 ரியால் சில்லறையாகக் கேட்டு வாங்கி, மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் கார்டு) ஏற்றலாம். அதிலும் ரியாலாகவே ஏற்றுங்கள். டாலர் ஏற்றிய கார்டை ரியாலில் தேய்த்தால் மாற்றுக் கட்டணம் தனி.

வங்கி கார்டு எடுத்துப்போனால், ஆப்பில் 'சர்வதேசப் பயன்பாடு' திறந்திருக்கிறதா என்று இங்கேயே பாருங்கள். புதிய கார்டுகளில் அது மூடியேதான் வரும். ஓடிபி வர நம்பருக்கு ரோமிங்கும் வேண்டும்.

கடையிலோ ஏடிஎம்மிலோ "இந்திய ரூபாயா, ரியாலா?" என்று திரையில் கேள்வி வரும். ரூபாய் என்றால் கணக்குப் புரியுமே என்று அதை அழுத்துகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள், ஏனென்றால் அந்த ரேட்டை அங்குள்ள இயந்திரக்காரர் வைக்கிறார். எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு, ஆகவே நாலு தடவை எடுப்பதை ஒரே தடவையில் எடுங்கள். கிரெடிட் கார்டில் பணம் எடுக்கவே வேண்டாம். வட்டி அன்றைக்கே ஓடத் தொடங்கும்.

இலங்கை, சிங்கப்பூர், அமீரகத்தில் சில கடைகளில் யுபிஐ எடுக்கிறது. ஆப்பில் அதற்கான வசதியைக் கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள். அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

இங்கே ரூபாயைக் கொடுத்தால் அங்கே ரியால் கைக்கு வரும் என்று உண்டியல்காரர் (உரிமம் இல்லாமல் பணம் கைமாற்றுகிறவர்) சொன்னால் ஒதுங்குங்கள். ரசீது கிடையாது, ஏமாந்தால் புகார் கொடுக்க இடமும் கிடையாது. ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டத்தில் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் உண்டு.

திரும்பி வந்ததும் மீந்த நோட்டில் 2,000 டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ளதை 180 நாளுக்குள் கொடுத்து மாற்றிவிட வேண்டும். நாணயங்களை இங்கே மணி சேஞ்சர்கள் வாங்க மாட்டார்கள், அங்கேயே செலவழித்துவிட்டு வாருங்கள்.