சாரிசார்டு இஎக்ஸ் சீட்டுக்கட்டை எதிர்கொள்ளும் முறை

பெரம்பூரிலோ ராயபுரத்திலோ நண்பர்களோடு போகிமான் சீட்டு ஆடுவோர், 2023இல் வெளிவந்த சாரிசார்டு இஎக்ஸ் என்ற சீட்டின் 330 உயிர்ப்புள்ளிகளைக் கண்டு மலைக்கிறார்கள். உண்மையில் அஞ்ச வேண்டியது அதன் தாக்குதல் கணக்கையே. எதிராளியின் போகிமானை வீழ்த்தி நாம் எடுத்த ஒவ்வொரு பரிசுச் சீட்டுக்கும் அதன் 180 அடியோடு 30 கூடுவதால், சில்லறைப் போகிமான்களை வீழ்த்திப் பரிசு சேர்ப்பது எதிராளிக்கே உதவுவதாகும்.

சாரிசார்டாகப் பரிணமிக்கும் அடிப்படைப் போகிமானான சார்மாண்டர் மட்டும் விதிவிலக்கு. பின்வரிசையில் இருக்கும் அதனை, பாஸ் ஆணை (Boss's Orders) என்ற சீட்டால் முன்னுக்கு இழுத்து, பரிணமிக்குமுன் வீழ்த்திவிட்டால், வேறு சார்மாண்டர் களத்திற்கு வரும்வரை, இடைநிலையைத் தாண்டி நேரே சாரிசார்டாக்கும் ரேர் கேண்டி சீட்டு எதிராளியின் கையில் இருந்தும் அதற்குப் பயனில்லை. எதிராளி கையிலிருந்து சாரிசார்டை இறக்கிப் பரிணமிக்க வைத்துவிட்டாலோ, சீட்டுக்கட்டிலிருந்து மூன்று நெருப்பு ஆற்றல் சீட்டுகள் வரை உடனே இணைந்துவிடும். அப்போது புல் வகைப் போகிமானே துணை, ஏனெனில் பலவீனத்தால் இருமடங்காகும் 170 அடி ஒன்றே அதனைச் சாய்த்துவிடும்.