முதல் கைத்துப்பாக்கி: கடைக்குப் போகும் முன்பே செய்துவிடும் தவறுகள்

டெக்ஸாஸில் குடியேறி நான்கைந்து வருடம் ஆன தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு ஒரு நாள் வந்துவிடும். நாலு வீடு தள்ளி யார் வீட்டிலோ திருட்டு நடந்திருக்கும். அல்லது ஆபீஸ் நண்பர் சனிக்கிழமை துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூட்டிப் போயிருப்பார். "நாமளும் ஒண்ணு வாங்கி வெச்சா என்ன?" என்று ஆரம்பிக்கும். வாங்கலாமா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு விஷயம். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று மட்டும் எழுதுகிறேன். சிலவற்றில் நானே சறுக்கியிருக்கிறேன். எல்லாரும் முதலில் கேட்பது "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் கேள்வி உங்கள் விசா. ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, கையில் வைத்திருக்கவும் கூடாது என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். ரேஞ்சில் அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் 'வைத்திருத்தல்' கணக்கில்தான் வரும். லாஸ் வேகஸ் போனால் மெஷின் கன் சுட்டு போட்டோ போடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. "பக்கத்து லேனில் ஜெர்மன்காரர் சுடுகிறாரே?" என்று கேட்பார்கள். அவர் விசா இல்லாமலே வரும் திட்டத்தில் வந்திருப்பார். அந்தத் தடை அவருக்குப் பொருந்தாது. இந்தியா அந்தத் திட்டத்தில் இல்லை. கவுன்டரில் இருப்பவர் விசாவைப் பற்றிக் கேட்கவில்லை என்றால் அனுமதி கொடுத்துவிட்டார் என்று அர்த்தமில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பணம் கொடுத்துப் பேசிவிடுங்கள். 2022இல் வந்த கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்குத் தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். கிரீன் கார்டுக் கனவு அதற்கு முன்பே முடிந்துவிடும்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம். வேலை அனுமதி அட்டையான இ.ஏ.டி. கையில் இருப்பது கிரீன் கார்டு ஆகாது. இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. கிரீன் கார்டு வந்த அண்ணன் முறைப்படி வாங்கி வீட்டில் வைக்கிறார். அதே வீட்டில் எஃப்-1 விசாவில் தம்பி இருக்கிறான். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று துப்பாக்கிப் பெட்டியின் பூட்டு நம்பரைத் தம்பிக்கும் சொல்லிவைத்தால், தம்பியும் துப்பாக்கியை வைத்திருப்பதாகவே கொள்ள இடமிருக்கிறது. நம்பர் வாங்கியவரோடு நிற்கட்டும். கிரீன் கார்டுக்காரர்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். ஆயுதக் குற்றம் நிரூபணமானால் நாடு கடத்துவதற்கே அது காரணமாகலாம்.

அப்புறம், "மச்சான், நீங்க வாங்கிக் குடுங்க, பணம் நான் தர்றேன்" என்கிற உதவி. ஊரில் ஒருவர் பெயரில் சிம் கார்டு வாங்கி இன்னொருவர் பயன்படுத்துவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சாதாரணமாகத் தெரியும். இங்கே அது தனிக் கூட்டாட்சிக் குற்றம். இதற்கும் 15 ஆண்டு வரை. உரிமம் பெற்ற டீலரிடம் வாங்கும்போது நிரப்பும் 4473 என்ற படிவத்தில், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று நேராகவே ஒரு கேள்வி இருக்கிறது. வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்குச் சொந்தக் காசில் பரிசாக வாங்கிக் கொடுப்பது வேறு. அடுத்தவர் காசில் அவருக்காக வாங்குவது வேறு.

அதே படிவத்தில் கஞ்சா பற்றியும் கேள்வி உண்டு. உங்கள் மாநிலத்தில் அது சட்டப்படி செல்லும் என்றாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் செல்லாது என்று கேள்விக்குக் கீழேயே எச்சரித்திருப்பார்கள். பொய் சொல்லிக் கையெழுத்துப் போடுவது தனிக் குற்றம். டிரைவிங் லைசென்ஸில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். வீடு மாறி மாற்றாமல் விட்டிருந்தால் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்புவீர்கள். நமக்கென்றே ஒரு தலைவலி, பெயர். அப்பா பெயர் கிரீன் கார்டில் பின்னால் வந்து, லைசென்ஸில் நடுவில் வந்து, எழுத்தும் மாறியிருக்கும். அதை முதலில் சரிசெய்யுங்கள். படிவத்தைக் கொடுத்ததும் எஃப்.பி.ஐ. 1998 முதல் நடத்திவரும் பின்னணிச் சோதனை ஓடும். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். 'தாமதம்' என்று வந்தால் பதற வேண்டாம். அது மறுப்பு இல்லை.

இதெல்லாம் நாடு முழுக்கப் பொது. மாநில விதிகள் தனி. டெக்ஸாஸில் இருக்கும் நண்பர் சொன்னதை வைத்து நியூ ஜெர்சியில் இறங்கிவிடாதீர்கள். அங்கே ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் முன்னதாகவே பெர்மிட் வாங்க வேண்டும். இல்லினாயில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மாநிலம் தரும் ஃபாய்ட் கார்டு வேண்டும். கலிஃபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வு எழுதி, பணம் கட்டிய பிறகும் 10 நாள் காத்திருக்க வேண்டும். டெக்ஸாஸிலேயே விலை குறைவு என்று அண்டை மாநிலத்துக்கு ஓட்டிப்போய் வாங்க முடியாது. கைத்துப்பாக்கி உங்கள் மாநில டீலர் வழியாகத்தான் கைக்கு வரும். டீலர்கூட இல்லாமல், முன்பின் தெரியாதவரிடம் பார்க்கிங் லாட்டில் பழையதை வாங்குவது டெக்ஸாஸில் சட்டப்படி முடியலாம். அது திருட்டுப் பொருளாக இருந்தால் என்ன செய்வீர்கள்? முதல் துப்பாக்கியை அப்படி வாங்க வேண்டாம்.

சரி, தகுதி இருக்கிறது, தாளெல்லாம் தயார். இனி நான் செய்த தவறு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததிலேயே சின்னதைக் கைகாட்டினேன். .380 தோட்டா போடும் ரகம், கால் கிலோவுக்குக் கொஞ்சம்தான் அதிகம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பயப்படுகிறவனுக்குச் சின்னதுதானே நல்லது என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. எடை குறைய, சுடும்போது எழும் உதைப்பு முழுதும் கைக்கே வந்து சேரும். ஏழு கஜத் தூரத்தில் இருந்த காகிதத்தில் ஆறு தோட்டாவில் இரண்டுதான் பட்டது. கட்டைவிரல் அடியில் தோல் சிவந்து, இரண்டாம் பெட்டியைத் திறக்கவே மனம் வரவில்லை. அந்தத் துப்பாக்கி எட்டு மாதம் பெட்டிக்குள் தூங்கியது. குட்டித் துப்பாக்கி பழகிய கைக்கானது. பழகாத கைக்கு நடுத்தர அளவு 9 எம்எம் பிஸ்டல்தான் சுலபம். க்ளாக் 19 மாதிரி, தோட்டா நிரப்பினால் முக்கால் கிலோவைத் தாண்டும். பழகுவதற்கு மட்டும் என்றால் சின்னத் தோட்டா போடும் .22 இன்னும் நல்லது. உதைப்பே தெரியாது, தோட்டாவும் மலிவு.

மனைவிக்கு என்று கேட்டால் கடைக்காரர் ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து நீட்டுவார். "சிம்பிள் சார், அமுக்கினா போதும்." அமுக்குவதற்குத்தான் ஏகப்பட்ட பலம் வேண்டும். அந்த விசையின் (ட்ரிகர்) இழுப்பு நடுத்தர பிஸ்டலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இழுத்து முடிப்பதற்குள் குறி விலகிவிடும். பிஸ்டலில் தோட்டாவை உள்ளே ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பகுதியான ஸ்லைடை இழுக்க முடியவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் குறைவது பலம் இல்லை, முறை. இரண்டு விரல் நுனியால் கிள்ளி இழுப்பார்கள். ஸ்லைடின் மேல் முழு உள்ளங்கையையும் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, கைப்பிடி இருக்கும் கையை முன்னால் தள்ளிப் பாருங்கள். குழல் முழு நேரமும் இலக்குப் பக்கமே பார்த்திருக்கட்டும். அப்படியும் முடியாவிட்டால், ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட் ஈஸி மாதிரி இலகுவான ஸ்லைடோடு வரும் மாடல்கள் இருக்கின்றன. எதுவானாலும் வாங்கும் முன் வாடகைக்கு எடுத்து ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள். புடவைக் கடையில் நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லும் நாம், இதை மட்டும் ஏன் ஒரே பார்வையில் வாங்குகிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இருக்கிற பணம் முழுவதையும் துப்பாக்கியிலேயே போட்டுவிடுவது இன்னொரு வழக்கம். அறுநூறு டாலர் என்று மனதில் இருந்தால், அதிலேயே பயிற்சி வகுப்பு, காதுக் கவசம், கண்ணாடி, பூட்டுப் பெட்டி, பழகத் தோட்டா எல்லாம் அடங்க வேண்டும். அடங்கவில்லையா, இன்னும் இரண்டு மாதம் பணம் சேர்த்துவையுங்கள். இடுப்பில் வைப்பதானால் விசையை முழுதும் மூடும் கெட்டியான உறைதான் வேண்டும். பதினைந்து டாலர் துணி உறை தொளதொளத்து, அதன் மடிப்பே விசைக்குள் நுழைந்துவிடும். டெக்ஸாஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத 21 வயதானவர்கள் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் வைத்துப் போகலாம். அதனால் வகுப்பும் தேவையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கோயில், ஆஸ்பத்திரி, மால் வாசல்களில் துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்று 30.05, 30.06, 30.07 என்ற எண்களோடு பலகை தொங்குவது எதற்கு என்று அந்த வகுப்பில்தான் சொல்லித்தருவார்கள். பலகையைப் பார்த்ததும் காரில் வைத்துவிட்டுப் போவதும் தப்பு. காரிலிருந்துதான் நிறையத் துப்பாக்கிகள் திருடுபோகின்றன.

இனி சொல்வது ஒரு நிமிட வேலை. ஆனால் உயிர் போவது இங்கேதான். துப்பாக்கியைக் காலி செய்யும் வரிசை. முதலில் தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும், அதன் பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், ஸ்லைடை இழுக்கும்போது உள்ளே இருந்த தோட்டா வெளியே குதிக்கும், ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். அப்புறம் மேகசினைக் கழற்றி, "காலி" என்று நம்பிக் கையில் வைத்திருப்பீர்கள். தோட்டா ஒன்று கண்முன்னே கீழே விழுந்ததால் சந்தேகமே வராது. க்ளாக் மாதிரிப் பல பிஸ்டல்களைச் சுத்தம் செய்யப் பிரிக்கும்போது விசையை ஒருமுறை அமுக்கியே ஆக வேண்டும். 'சுத்தம் செய்யும்போது வெடித்தது' என்று செய்தி வந்தால், பெரும்பாலும் பின்னால் இந்தக் கதைதான் இருக்கும். மேகசினைக் கழற்றுங்கள், ஸ்லைடை மூன்று முறை இழுங்கள், பிறகு திறந்த நிலையில் பூட்டி, குழலின் பின்வாயைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். தோட்டாக்கள் அடுத்த அறையில் இருக்கட்டும்.

ரேஞ்சில் 'டப்' என்று வழக்கத்தைவிட மெல்லிய சத்தம் கேட்டு உதைப்பும் இல்லையென்றால், அத்தோடு நிறுத்துங்கள். ஈயம் குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கும். கழுத்து திறந்த சட்டை வேண்டாம். சுட்டுத் தெறிக்கும் பித்தளைக் கூடு கொதிக்கக் கொதிக்க உள்ளே விழும், அப்போது ஆடுகிற ஆட்டத்தில் குழல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று யாருக்கும் நினைவிருக்காது. கையில் ஈயத் தூள் ஒட்டியிருக்கும். சோப்பு போட்டுக் கழுவாமல் சமோசாவில் கைவைக்காதீர்கள், குழந்தையைத் தூக்காதீர்கள். செருப்பை வாசலில் விடும் நம் பழக்கம் இதற்கும் உதவுகிறது.

வீட்டில் வைப்பது. பீரோவில் துணிக்கு அடியில் வைப்பது ஒளித்துவைப்பது மட்டும்தான். அதற்குப் பூட்டு கிடையாது. ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அம்மா மூன்றாம் நாளே எல்லா பீரோவையும் பிரித்து அடுக்கியிருப்பார். பிள்ளைகளுக்கோ நாம் ஒளித்துவைக்கும் சாக்லேட் எங்கே இருக்கிறது என்பதே தெரியும். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை, சரியாகப் பூட்டிவைக்காத, தோட்டா நிரப்பிய துப்பாக்கியை எடுக்கும்படி விட்டால் டெக்ஸாஸில் பெற்றவர் மேல் வழக்கு வரும். கைரேகைப் பெட்டிதான் வசதி என்று வாங்குகிறார்கள். 2023 அக்டோபரில் ஒரு நிறுவனத்தின் சுமார் 61,000 பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. கைரேகையைப் பதிந்து முடிக்கும் வரை அவை எந்த விரல் வைத்தாலும் திறந்துகொண்டன. பலர் பதிந்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிடித்தது பேட்டரியே இல்லாத, ஐந்து பொத்தான் அமுக்கும் பெட்டி. வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு, தூக்கமின்மை, வேலை போன துக்கம் என்று ஏதாவது இருந்தால் இப்போதைக்கு வாங்கவே வேண்டாம். இருப்பதையும் வெளியே கொண்டுபோய் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988இல் எந்த நேரமும் பேசலாம்.

கடைசியாக, பை. 2023இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன; பெரும்பாலானவற்றில் தோட்டாவும் இருந்தது. "பையில் இருந்ததே மறந்துபோச்சு" என்பதுதான் வழக்கமான பதில். நமக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. துப்பாக்கியே வேண்டாம், மறந்துபோன ஒற்றைத் தோட்டா பையின் மூலையில் கிடந்தாலே இந்திய விமான நிலையத்தில் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு. அப்படி மாட்டிய வெளிநாட்டு இந்தியர்கள் பற்றிய செய்தி அவ்வப்போது வரும். சென்னைக்குக் கிளம்பும் முந்தின இரவு, என் மகனின் நீச்சல் பையைத் துணிக்காக உதறினேன். ஒரு முறை, ஒரே ஒரு முறை, அதை ரேஞ்சுக்கு எடுத்துப் போயிருந்தேன். அடித் தையலுக்குள்ளிருந்து 9 எம்எம் தோட்டா ஒன்று தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, டார்ச்சை எடுத்து வந்து நீட்டினாள். இப்போது ரேஞ்சுக்கென்று தனியாக ஒரு பை இருக்கிறது. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம், வீட்டில் யாரும் அதை வேறு எதற்கும் எடுப்பதில்லை.